இரண்டாவது முறை தூக்கிய பெட்டி

"ரயிலு சக்கரத்தையெல்லாம் இங்கயே கழட்டிப் போட்டுட்டா போகுது?"

"பின்ன? நம்ம தண்டவாளம் அகலம். ஆத்துக்கு அந்தப் பக்கம் ருமேனியாக்காரன் தண்டவாளம் நாலு விரல் குறுகல். நம்ம சக்கரத்தோட போனா அவன் தண்டவாளத்துல நிக்கவே நிக்காது."

"அப்போ அங்க ஓடறது யாரோட சக்கரம்?"

"இரவல் சக்கரம். இங்கயே வச்சிருக்கோம். ஜாக்கி போட்டுப் பெட்டியைத் தூக்குவோம், நம்மளோடதை உருட்டி வெளிய எடுப்போம், குறுகலை உள்ள தள்ளுவோம், இறக்குவோம். அவ்ளோதான்."

"உள்ள ஆளுங்க இருந்தா?"

"உள்ளயேதான் இருப்பாங்க. டீ குடிச்சுக்கிட்டு."

"ஆளோட தூக்குவீங்களா! அடப்பாவி, நீ தூக்குற வண்டியில நான் ஏறவே மாட்டேன்."

"ஏறு, ஏறு. உனக்கு மட்டும் மெதுவாத் தூக்கறேன்."

"சரி, போன பெட்டி திரும்பி வராமயே போயிட்டா? இந்தச் சக்கரம் என்ன பண்ணும்?"

"வராம எங்க போகும்? அதோட சொந்தச் சக்கரம் இங்கல்ல கெடக்கு."

எங்கள் எல்லை ஊரின் ரயில் கொட்டகை வாசலில் சூரியகாந்தி விதை கொறித்து, தோலைக் காலடியில் துப்பிக்கொண்டே நாங்கள் பேசியது இது. எனக்குப் பத்தொன்பது வயது, சிமியோனுக்கு இருபத்தொன்று. அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நீல வேலைச்சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அந்தக் கொட்டகையையே தான் கட்டியதுபோல எனக்குச் சுற்றிக் காட்டினான்.

இருபத்துமூன்று வருடம் கழித்து, ஒரு மே மாத மாலை, அதே கொட்டகைக்குள் மூன்றாம் எண் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கைப்பையில் பாஸ்போர்ட் இருந்தது. அதற்குள் மடித்து வைத்த மணவிலக்குத் தாள் இருந்தது. என் காலுக்குக் கீழே, பெட்டியின் அடியில், சிமியோன் இருந்தான். முன்னாள் கணவன் என்று சொல்ல இன்னும் வாய் பழகவில்லை. தாள் கைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

இத்தாலியின் பாதோவாவில் என்னைப்போல் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் விமானத்தில்தான் வந்து போகிறார்கள். "ஏண்டி லிலியா, இந்தக் காலத்துல ரயில்ல குலுங்கிக்கிட்டுப் போற?" என்று கேட்பார்கள். மூட்டை நிறைய என்பேன். பொய்தான். இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் ரயில். நிலையத்திலேயே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் நுழையும். சட்டப்படி நான் நாட்டைவிட்டுப் போய்விட்டேன். ஆனால் என் கணவன் என் காலடியில் சுத்தியலோடு நிற்கிறான். பெட்டி தூக்கப்பட்டதும் சரியாக என் இருக்கைக்கு அடியில் மூன்று முறை தட்டுவான். நான் குதிகாலால் மூன்று முறை தட்டுவேன். பன்னிரண்டு வருடமாக நாங்கள் குறையில்லாமல் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். கோஸ்தின்.

அவனுக்கு நாலரை வயதாக இருந்தபோது நான் இத்தாலிக்குப் போனேன். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் கொட்டகை ஆட்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வராது. ஒரு முறை சர்க்கரை மூட்டையைக் கொடுத்து இதுதான் சம்பளம் என்றார்கள். நான் போனது முறையான தாள் எதுவும் இல்லாமல். வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. ஞாயிறுதோறும் தபால் நிலையத் தொலைபேசிக்கு அழைப்பேன். சிமியோன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவான். "அம்மா, நான் பல்லு விழுந்துட்டேன்" என்பான் கோஸ்தின், பல் விழுந்தது என்பதற்கு.

அவனுடைய ஆறு வயதில், ஒரு ஜனவரி மாதம், எங்கள் ஊருக்குப் போகும் மினி பஸ் ஓட்டுநரிடம் நீல நிற பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தனுப்பினேன். உள்ளே பஞ்சு வைத்தது, பக்கவாட்டில் பித்தளைக் கொக்கி போட்டது. அடுத்த ஞாயிறு தொலைபேசியில் சிமியோன் மட்டும் பேசினான். மூன்று நாள் காய்ச்சல் என்றான். மூளைக்குப் போய்விட்டது என்றான். வியாழனன்று அடக்கம் முடிந்துவிட்டது என்றான். நான் கத்தினேனா, அழுதேனா, எனக்கு நினைவில்லை. அவன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"வராத லிலியா. வந்தா உன்னால திரும்பிப் போக முடியாது. இங்க வந்து என்ன பண்ணப் போற?"

நான் போகவில்லை. இத்தாலியில் தங்க எனக்குத் தாள் கிடைக்க மேலும் மூன்று வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தேன். அந்த நாளைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால், "நீ இங்க இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அவன் அப்படிச் சொல்லும் ஆள் இல்லை என்றும் தெரியும். தெரிந்தும் பயம். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பான். வீட்டுக்கு ஏழு ஜன்னல் வைக்கலாமா? உன் இஷ்டம். சமையலறைக்கு மஞ்சள் அடிக்கலாமா? உன் இஷ்டம். அந்த ஏழு ஜன்னல் வீட்டில் அவன் சமையலறையில் மட்டும்தான் வாழ்ந்தான், அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக்கொண்டு. மற்ற அறைகளில் நான் வாங்கியனுப்பிய நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடு இருந்தன.

போன வருடம் நான்தான் சொன்னேன். "வருஷத்துல பத்து நாள் புருஷன் பொண்டாட்டியா இருக்கறதுக்கு எதுக்கு ஒரு தாளு?" தக்காளி நாற்றைப் பார்த்தபடியே "உன் இஷ்டம்" என்றான்.

நான் ஊருக்கு வருவது இறந்தவர்களின் ஈஸ்டருக்கு. ஈஸ்டர் முடிந்து அடுத்த வாரம் திங்கட்கிழமை, ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும். அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் மேஜை விரித்து, சிவப்பு முட்டை, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த சோறு, ஒயின் எல்லாம் வைப்போம். போனவர்கள் பெயரைச் சொல்லிப் பிறருக்குக் கொடுப்போம், துண்டு, கோப்பை, மெழுகுவர்த்தி செருகிய பின்னல் ரொட்டி. நான் மட்டும் கூடவே ஒரு ஜோடி காலணி கொடுப்பேன். கோஸ்தின் இருந்திருந்தால் அந்த வருடம் அவன் கால் எந்த அளவோ, அந்த அளவு. பக்கத்து வீட்டு யூரி அவன் பிறந்த அதே குளிர்காலத்தில் பிறந்தவன். யூரியிடம்தான் கொடுப்பேன். "கோஸ்தினோட ஆத்மாவுக்காக வாங்கிக்கப்பா." "கடவுள் ஏத்துக்கட்டும் அத்தை."

இந்த வருடம் யூரி டப்ளினில் கட்டட வேலையில் இருந்தான். அவன் அம்மா வாங்கிக்கொண்டு, "நாப்பத்திமூணா? ஐயோ, என் பையன் காலு நாப்பத்தஞ்சு ஆயிடுச்சுடி, ஓடம் மாதிரி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் சிமியோன், கல்லறைக் கல்லைத் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னான்:

"கோஸ்தினுக்கு நாப்பத்திமூணு வந்திருக்காது. அவன் காலு குட்டை, எங்கப்பா மாதிரி. அந்த நீல பூட்ஸ்லயே..."

அதோடு நிறுத்திவிட்டான். எழுந்து போய்ப் பக்கத்துக் கல்லறைக்காரருக்கு ஒயின் ஊற்றினான்.

பதினைந்து வருடமாக எனக்கு அந்த பூட்ஸ் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. இப்போது பாதி வாக்கியம் தெரியும். அந்தப் பாதி வாக்கியத்தோடு ஐந்து நாள் ஒரே வீட்டில் இருந்தேன். கல்லறைக்குப் போன மறுநாளே தாள் வந்தது, இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம். அவன் எனக்கு உப்பிட்ட வெள்ளரிக்காய் ஒரு ஜாடி கட்டிக் கொடுத்தான். அடுத்த வருடம் நான் வரப்போவதில்லை. கல்லறையை அவன் பார்த்துக்கொள்வான். அந்த நாளை எனக்குச் சொல்லக்கூடிய ஒரே மனிதனை விட்டு ஒரேயடியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஏய், முகத்தை ஏன் இப்படி வச்சிருக்க? பாலாடைக்கட்டி புளிச்சிடுச்சா?"

அக்சீனியா அக்கா கையில் டீயோடு வந்து நின்றாள். மூன்றாம் எண் பெட்டியின் பணிப்பெண். ஆறு வருடமாக நான் இந்த வண்டியில் வரும்போதெல்லாம் அவள்தான்.

"தலைவலிக்கா."

"தூக்கும்போது எல்லாருக்கும் வரும். எதிர்ல இருக்காரே, பெல்ஸி ஊர்க்காரர், முதல் தடவை. கழிவறை எங்கன்னு கேட்டாரு. கீழ ஆளுங்க நிக்கறாங்க, அவங்க தலையில போகப் போறீங்களான்னு கேட்டேன். அதுலேர்ந்து அசையாம உக்காந்திருக்காரு."

எதிர் இருக்கைக்காரர் உண்மையிலேயே இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜாக்கிகளின் மோட்டார் முனகியது. பெட்டி ஒருமுறை நெளிந்து, பிறகு மெல்ல எழும்பியது. கொட்டகை வாசல் வழியே தெரிந்த எங்கள் ஊரின் தண்ணீர்த் தொட்டி ஜன்னலில் மூன்றடி இறங்கியது. பெட்டியின் சொந்தச் சக்கரங்களை உருட்டி வெளியே கொண்டுபோனார்கள். இரவல் சக்கரங்கள் ஜன்னலைக் கடந்து உள்ளே வந்தன. எண்ணெய் பூசி, சாக்கட்டியால் குறியிட்டவை. ஒன்றில் வட்டம் போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. பார்த்தேன். மனதில் பதியவில்லை. நான் மூன்று தட்டுகளுக்காகக் காத்திருந்தேன்.

தட்டவில்லை.

குதிகாலைத் தூக்கியபடியே இருந்தேன். கீழே இரும்பு இரும்பில் உரசும் சத்தம், யாரோ தும்மும் சத்தம், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சிமியோனின் குரல். பெட்டி இறங்கியது. முடிந்தது. இவ்வளவுதான், தட்டக்கூட அவனுக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன். டீயை ஊதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் வெளியே கத்தல் கேட்டது.

"சிமியோன்! கண்ணை எங்கடா வச்சிருக்க? இந்தப் பெட்டி பாரு, குந்தி உக்காந்திருக்கு!"

மேற்பார்வையாளர் புரோஃபிர். குள்ளமான மனிதர், குரல் மட்டும் பெரியது. இரண்டு பெட்டிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் இரும்புத் தட்டுகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். தேய்ந்த சக்கரம் போட்டால் பெட்டி தாழ்ந்துவிடும், பக்கத்துப் பெட்டியோடு சேராது. அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறார்.

"தப்பாயிடுச்சு" என்றான் சிமியோன்.

"தப்பாயிடுச்சா? நீயா? மத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கறவன் நீ! இப்ப மறுபடி தூக்கணும், மறுபடி மாத்தணும். அந்தக் கரைக்காரனுக்கு எவன் பதில் சொல்றது? ரயில் லேட்டுன்னு உன் பேரைப் போட்டு எழுதட்டுமா?"

"எழுதுங்க."

அக்சீனியா அக்கா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "முக்கால் மணி போச்சு! இந்த ஆளு இத்தனை வருஷத்துல ஒரு ஆணி மாத்திப் போட்டதில்லையே. என்னடி பண்ணின உன் புருஷனை? பொண்டாட்டி போறான்னு கண்ணு கலங்கிடுச்சா?"

வட்டமும் குறுக்குக் கோடும் இப்போது கண்முன் வந்து நின்றன. அது தேய்ந்த சக்கரத்துக்கான குறி. கொட்டகையில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. கல்யாணமான புதிதில் அவன்தான் சமையலறை மேஜையில் மாவைத் தூவி எனக்கு வரைந்து காட்டினான். "இது கண்ணை மூடிக்கிட்ட சக்கரம், தூங்கப் போகுது" என்று. அவனே போட்ட குறி. படிக்கத் தெரியாமல் போகுமா?

எழுந்து பெட்டியின் கடைசிக்குப் போனேன். அக்சீனியா அக்கா பின்னாலேயே வந்தாள். கொட்டகைக்குள் கதவைத் திறக்கக் கூடாது. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கதவில் திருப்பினாள்.

"நான் டீக்குத் தண்ணி வைக்கப் போறேன். இந்தக் கதவைப் பாத்தாப் பூட்டின மாதிரிதான் எனக்குத் தெரியுது" என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "காலைத் தரையில வச்சிடாத. முத்திரை குத்தியாச்சு. அப்புறம் எனக்குத்தான் வம்பு."

பெட்டி இரண்டாவது முறையாக மேலே எழும்பியிருந்தது. கதவைத் திறந்து வாசலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டேன். சிமியோன் ஜாக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். என் காலணி அவன் நெற்றி உயரத்தில் இருந்தது. தலை நரைத்திருப்பது மேலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது.

"வேணும்னேதானே?" என்றேன்.

"எது?"

"கண்ணை மூடின சக்கரம்."

கையைக் கந்தல் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"புரோஃபிர் திட்டி முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும்" என்றான். "அப்புறம் சரியான ஜோடியை அந்தக் கடைசிலேர்ந்து உருட்டிக்கிட்டு வரணும். நேரம் இருக்கு."

"உன் பேரை எழுதிடப் போறாரு."

"எழுதட்டும். இருபத்திமூணு வருஷத்துல ஒரு தடவை."

"ஏன் தட்டல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தட்டினா நீயும் தட்டுவ. அதோட முடிஞ்சுடும். வண்டி போயிடும்."

எனக்குத் தெரியும், அவனால் ஒரு ரயிலை நிறுத்த முடியும், ஒரு வார்த்தையை ஆரம்பிக்க முடியாது. எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் எங்கள் பெட்டியின் சொந்தச் சக்கரங்கள் வரிசையாக நின்றிருந்தன. வண்டி மூன்றாம் நாள் திரும்பி வந்து அவற்றை எடுத்துக்கொள்ளும்.

"வெள்ளரிக்கா ஜாடி ஒழுகலையே?" என்றான்.

"இல்ல."

"மூடியில மெழுகு ஊத்தினேன்."

"பாத்தேன்."

"வீட்டுச் சாவி ஒண்ணு உன்கிட்டதான் இருக்கு."

"கொடுக்கவா?"

"வேணாம். உன்..." நிறுத்தினான். உன் இஷ்டம் என்று சொல்ல வந்து நிறுத்தியதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். "வேணாம், வச்சுக்கோ" என்றான்.

சக்கரங்கள் வந்து சேர்ந்துவிட்டன. இந்த முறை புரோஃபிரே குனிந்து சாக்கட்டிக் குறியைப் படித்தார். இரண்டு ஆட்கள் தோள் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். சத்தம் அடங்கியது.

"இறக்கலாமா?" என்று அந்தக் கோடியிலிருந்து புரோஃபிர் கத்தினார்.

சிமியோன் என் முகத்தைப் பார்த்தபடியே கையைத் தூக்கினான். இரு, என்று.

"என்னடா இரு? என்ன பாக்கறே?"

"இன்னும் ஒரு தடவை அளந்துடறேன்" என்றான். அவன் கையில் அளவுகோல்கூட இல்லை.

"அளந்து தொலை! அஞ்சு நிமிஷம்!"

அவன் நகரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தான். என் இடது காலணியின் வார் அவிழ்ந்திருந்தது. கையை உயர்த்தி அதை எடுத்து, முடிச்சுப் போட ஆரம்பித்தான். ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல இரண்டு வளையம் வைத்து, ஒன்றை ஒன்றுக்குள் நுழைத்து, அவிழாமல் இருக்க மறுபடியும் ஒருமுறை. அந்த முடிச்சை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நான் இல்லாத வருடங்களில், தினமும் காலையில் யாருக்கோ போட்டுப் போட்டுப் பழகிய விரல்கள் அவை. முடிச்சு முடிந்த பிறகும் அவன் விரல்கள் என் காலணி மேலேயே இருந்தன.

இதற்காகத்தான் தூங்கப் போன சக்கரத்தை உருட்டி வந்தான். நான் கேட்பதற்காக. பதினைந்து வருடமாகக் கேட்காமலிருந்தது என்னுடைய பயத்தால் மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்த நாளைத் தனியாகச் சுமந்துகொண்டு அடுப்போரக் கட்டிலில் படுத்திருந்தவனை நான் நினைக்கவில்லை.

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிந்தமட்டும் கீழே குனிந்தேன்.

"சிமியோன், அந்த நாளைச் சொல்லு. காலையில அவன் கண்ணு முழிச்சதுலேர்ந்து. பூட்ஸ் எப்ப வந்துச்சு, போட்டுப் பாத்தானா, என்னைக் கேட்டானா... ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு."